கோப்பிக்கு விலையான கேத்தல் எதற்கு?

நுவரெலியாப் பக்கம் வீட்டில் கோப்பிக்கு ஒரு மூலை ஒதுக்குபவர்கள், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் விலையான கேத்தலுக்குக் காசு கொட்ட வேண்டாம். சாதாரண கேத்தலே போதும். தண்ணீர் கொதித்ததும் ஆறவிடாமல் நேராகத் தூளில் ஊற்றுங்கள்.

வடிகட்டிக் குடிக்கும் கோப்பிக்கு 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரையான சூடு நல்லது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டன், பண்டாரவளையில் 96 அளவில். "கொதித்தபின் அரை நிமிடம் பொறுங்கள்" என்று வீடியோக்களில் சொல்வது கொழும்புக்குச் சரி, மலைக்கு அல்ல. பொறுத்தால் கோப்பி சப்பென்று போகும். குளிர் நாளில் கோப்பையையும் ஒருமுறை சுடுதண்ணீரில் அலசிக்கொண்டால் இன்னும் நல்லது.

கண்டி போன்ற தாழ்ந்த இடங்களில் கொஞ்சம் ஆறவிடத்தான் வேண்டும். சுக்கு, மல்லி போட்டு அடுப்பில் காய்ச்சும் கோப்பிக்கும், உடனடிக் கோப்பித் தூளுக்கும் இந்தக் கணக்கே தேவையில்லை.

இடம் எவ்வளவு நெருக்கடி என்றாலும் தூள் டின்னை மட்டும் கேத்தலின் ஆவி படாத பக்கம் வையுங்கள். மழைக்காலத்தில் தூள் சீக்கிரம் கட்டியாகிவிடும்.