பாதி வீட்டில் ரேட்டை ஏற்றினால்

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி அக்ரிமென்ட் போட்ட பிறகு, ரூஃப் போடும் நேரம் பார்த்து "கம்பி ஏறிடுச்சு சார், 200 ரூபாய் சேர்த்துக் கொடுங்க" என்பார் கான்ட்ராக்டர். மறுத்தால் மறுநாள் ஆட்கள் வரமாட்டார்கள்.

உடனே சண்டைக்குப் போகாமல் கணக்குக் கேளுங்கள். 1500 சதுர அடி வீட்டுக்கு, அடிக்கு நாலு கிலோ என்று வைத்தால் சுமார் ஆறு டன் கம்பி. கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறியிருந்தாலும் 60,000 ரூபாய்தான். அதாவது சதுர அடிக்கு 40. மீதி 160 எங்கிருந்து வந்தது? சிமென்ட் என்றால், அதன் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததையும் நினைவுபடுத்துங்கள். ஏறும்போது மட்டும் சொல்வார்கள், இறங்கும்போது யாரும் சொல்வதில்லை!

விலையேற்றம் பற்றி அக்ரிமென்ட்டில் ஒரு வரியும் இல்லையென்றால், உங்கள் சம்மதம் இல்லாமல் ரேட்டை மாற்ற முடியாது. அதனால் வாட்ஸ்அப்பில் போகிற போக்கில் "சரி" என்று போட்டுவிடாதீர்கள். பணத்தையும் வேலை முடிந்த அளவுக்கே கொடுங்கள். அட்வான்ஸ் அதிகம் போயிருந்தால் பேரம் பேசவே முடியாது.

இன்னும் கையெழுத்துப் போடவில்லையா? கம்பி, சிமென்ட்டின் அன்றைய விலையை அக்ரிமென்ட்டிலேயே எழுதி, எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் யார் ஏற்பது என்று சேர்த்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு வேலையை நிறுத்தினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், இரண்டு ஆண்டுக்குள்.