படிக்கட்டை அளந்தால் பாதிப் பாடம் முடிந்தது

நாகர்கோவிலில் இருந்துகொண்டு அமெரிக்கக் கட்டடக்கலை உரிமத் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? 6 பிரிவுகளில் வடிவமைப்பு வரும் இடங்களில் நம்மைத் தடுக்கிவிடுவது பெரும்பாலும் அங்குலம்தான். மில்லிமீட்டரில் பழகிய கை தயங்கும்.

பையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, பேருந்து நிலையம், கல்யாண மண்டபம் என்று ஏறுகிற படியையெல்லாம் அளந்து அங்குலத்தில் குறியுங்கள். அமெரிக்காவில் பொதுக் கட்டடத்தில் படியின் உயரம் 7 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, மிதிக்கும் அகலம் 11 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இது 150, 300 மில்லிமீட்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் குழப்பம் தீரும். அமெரிக்க விதியில் சாய்தளம் 1:12, அதாவது 1 அங்குலம் ஏற 12 அங்குல நீளம்; ஒரே ஓட்டத்தில் 30 அங்குல ஏற்றம் வரைதான். (மண்டபத்து வாட்ச்மேன் முறைத்தால், ‘பரீட்சைக்குப் படிக்கேன் அண்ணாச்சி’ என்றால் போதும்.)

அப்புறம், காற்றோட்டம் படிக்கிற நாளில் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். சரிந்த ஓட்டுக்கூரை, மரச்சட்டங்களின் இடைவெளியில் நுழையும் காற்று, இரண்டையும் குறுக்குவெட்டாக வரைந்து பாருங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.