ரெஸ்டரில் எட்டு லைட்டும் எரியும், நெட் மட்டும் ஊரும்: வயர் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை விசுவமடுவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு முதலே இரண்டு தம்பிமார் அங்கே வேலையில் நின்றார்கள். நெட் ஸ்லோ என்று வீட்டுக்காரர் கூப்பிட்டிருக்கிறார். வந்ததும் ரவுட்டரை றீசெட் செய்தார்கள், பிறகு போனை எடுத்து ஸ்பீட் ரெஸ்ட் போட்டார்கள், கடைசியில் "ரவுட்டர் பழசு அண்ணை, மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். பின் அறைக் கொம்பியூட்டருக்குப் போகிற நீல வயரை ஒருவரும் தொடவில்லை. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முதல் நானும் இதே வேலையை இதே வரிசையில்தான் செய்தேன். அதனால் ஒருவர் வீட்டில் வீணாகக் காசு போனது, அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

ரவுட்டரை நிறுத்திப் போடுவது, டேட்டா முடிந்ததா என்று பார்ப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

வைஃபையில் அளந்துவிட்டு முடிவு சொல்வது

முறைப்பாடு வயரில் இருக்கிற கொம்பியூட்டரில். அளப்பது கையில் இருக்கிற போனில். இதில் என்ன தெரியப்போகிறது? ஒரு மீற்றர் நல்ல வயர் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். லப்டொப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, அந்தக் குட்டி வயரால் நேராகக் குத்தி அளங்கள். பிறகு அதே லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய் நீள வயரின் மறுமுனையில் அளங்கள். இரண்டும் ஒன்றென்றால் வயரில் பிழை இல்லை, ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ தேடலாம். இரண்டாவது விழுந்தால் வயரை விட்டு நகரவேண்டாம். துணுக்காய், முழங்காவில் பக்கம் நிறைய வீடுகளில் 4ஜி பெட்டிதான் இருக்கிறது. அங்கே குட்டி வயரிலேயே நெட் மெதுவாக இருந்தால் பெட்டியை சிக்னல் நன்றாக வருகிற ஜன்னலுக்கு மாற்றிப் பாருங்கள், வீட்டு வயரை எத்தனை முறை மாற்றினாலும் டவரில் இருந்து வருகிற அளவு கூடாது.

94ஐப் பார்த்தும் பேசாமல் இருப்பது

வேகமான பக்கேஜ் எடுத்திருக்கிறார்கள், ஆனால் எப்போது அளந்தாலும் 94, 93, 94 மெகாபிட். இது லைனின் வேகம் அல்ல. 100 மெகாபிட் இணைப்பில், தரவோடு சேர்ந்து போகிற முகவரி போன்ற தலைப்புகள் எடுத்தது போக மிஞ்சுவது அவ்வளவுதான். ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட் ஓட, வயருக்குள் இரண்டிரண்டாக முறுகி இருக்கிற நாலு சோடியும் வேண்டும், 100க்கு இரண்டு சோடி போதும். ஆகவே மற்ற இரண்டு சோடியில் ஒன்று முறிந்தாலும், அல்லது ரவுட்டரில் வயர் குத்துகிற போர்ட்டே 100 தான் என்றாலும், இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கிறது. 1000 இருக்கவேண்டிய இடத்தில் 100 இருந்தால் காரணம் அங்கேதான்.

நிறங்களை வடிவாக அடுக்குவது

எனக்கு இன்னும் ஆறாத அந்தப் பிழை இதுதான்.

மல்லாவியில் ஒரு ரீச்சர். வீட்டில் ரவுட்டர், வளவின் மற்றப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிற கொட்டில், இடையில் ஏறத்தாழ 70 மீற்றர். வயர் இழுத்து இரண்டு முனையிலும் பிளக் அடித்தது நான். வெள்ளை-செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், வெள்ளை-பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, பிறகு நீலச் சோடி, பிறகு மண்ணிறச் சோடி. பார்க்க ஒழுங்காக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே வரிசை, வயர் சரியா என்று பார்க்கிற ரெஸ்டரில் ஒன்றிலிருந்து எட்டு வரை லைட் வரிசையாக எரிந்தது. காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் ரீச்சர் எடுத்தார். "தம்பி, வீட்டுக்க நல்லா ஓடுது, கொட்டிலுக்க வீடியோ நிண்டு நிண்டு வருது." போய் ரெஸ்டர் போட்டேன், எட்டும் எரிந்தது. வயர் சரி என்று நானே உறுதியாகச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு அவர் பெரிய பக்கேஜுக்கு மாறினார். ஒன்றும் கூடவில்லை. பிறகு புது ரவுட்டர் வாங்கச் சொன்னேன், அதையும் வாங்கினார். கொட்டிலில் ஆறு, ஏழு மெகாபிட்டுக்கு மேல் ஏறவேயில்லை.

கடைசியில் வவுனியாவில் தொலைபேசி லைன் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம் வெட்டின பிளக்கைக் காட்டினேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கூடாக ஒரு தரம் பார்த்தார். "பச்சையைப் பிரிச்சு நீலத்தை ஏன் நடுவில வைக்கேல்லை?" என்று மட்டும் கேட்டார்.

விசயம் இதுதான். ஒரு சோடியின் இரண்டு வயரிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிராகப் போகிறது. இரண்டும் ஒன்றோடொன்று முறுகி இருப்பதால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறி மறுமுனையில் கழிபட்டுப்போகும், பக்கத்துச் சோடிக்கும் தொந்தரவு குறைவு. பிளக்கில் இருக்கிற எட்டு உலோகக் கால்களில், ரவுட்டர் 1, 2 கால்களை ஒரு சோடியாகவும் 3, 6 கால்களை இன்னொரு சோடியாகவும் எடுக்கிறது. மூன்றும் நாலும் அல்ல, மூன்றும் ஆறும். நான் அடித்த வரிசையில் மூன்றாம் காலில் வெள்ளை-பச்சை, ஆறாம் காலில் நீலம். அவை இரண்டும் வயருக்குள் வேறு வேறு சோடி, ஒன்றோடொன்று முறுகவே இல்லை. அதனால் பக்கத்துச் சோடியின் சமிக்ஞை இதற்குள் கசிகிறது, தரவுப் பொதிகள் கெடுகின்றன, கெட்டது திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது, நெட் ஊர்கிறது. இரண்டு மீற்றர் வயரில் இந்தப் பிழை தெரியவே தெரியாது, 70 மீற்றரில் ஆளைக் கொல்லும்.

ரெஸ்டர் ஏன் காட்டவில்லை? மலிவான ரெஸ்டர் ஒவ்வொரு வயராக மின் விட்டு மறுமுனையில் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எது எதோடு முறுகியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சரியான வரிசை, டி568பி என்கிற தரம்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். பூட்டு நாக்கு கீழ்ப்பக்கமாக, வயர் உங்கள் பக்கமாகப் பிடித்து இடமிருந்து எண்ணுங்கள். நீலச் சோடி நடுவில், பச்சை அதன் இரண்டு பக்கமும். முறுக்கை அவிழ்ப்பது 13 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும், வசதிக்காக இரண்டு அங்குலம் அவிழ்த்து அடிக்கவேண்டாம்.

புது பிளக் இரண்டு அடித்தேன், கொட்டில் அன்றைக்கே சரியாகிவிட்டது. ரவுட்டர் காசை ரீச்சருக்குத் திருப்பிக் கொடுத்தேன். பக்கேஜுக்குக் கட்டிய காசு போனது போனதுதான். விசுவமடு வீட்டிலும் அதே அடுக்கு, அதே எட்டு லைட்.

அலுமினிய வயர்

மலிவு வயரில் செப்பு மேற்பூச்சு மட்டும்தான், உள்ளே அலுமினியம். பிளேட்டால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். மின்தடை அதிகம், இரண்டு முறை மடித்தால் முறியும். வாங்கவேண்டாம்.

உள் வயரை வெளியில் இழுப்பது

வன்னி வெயிலில் வீட்டுக்குள் போடுகிற வயரின் தோல் வெடிக்கும். ஐப்பசி மழை அந்த வெடிப்பால் இறங்கி, உள்ளேயே ஓடி பிளக்குக்கு வந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். பைப்புக்குள் விடுங்கள், அல்லது வெளியில் போடவென்று வருகிற கறுப்பு வயரை எடுங்கள். சுவருக்குள் நுழைய முதல் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்னலுக்கு பவரை மட்டும் கழற்றுவது

இரண்டு கட்டடத்துக்கு இடையில் போகிற செப்பு வயர் இடி மின்னலின் அதிர்வைச் சுமந்து வரும். பவரோடு லான் வயரையும் கழற்றவேண்டும். போர்ட் முழுதாகச் செத்தால் நல்லது, உடனே தெரியும். அரைகுறையாகச் சேதப்பட்டால் லைட் எரியும், இணைப்பு 100க்கோ 10க்கோ இறங்கி நிற்கும், நீங்கள் நாள் கணக்கில் வேறெங்கோ தேடுவீர்கள். அப்படி இருந்தால் முதலில் போர்ட்டை மாற்றிக் குத்திப் பாருங்கள். கொட்டிலுக்குப் புதிதாக இழுக்கிறீர்கள் என்றால் ஃபைபரும், மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின்னாகவும் மாற்றுகிற மீடியா கன்வேட்டர் இரண்டும் போடுவது மேல், கண்ணாடி இழையில் மின் ஏறாது.

தகரக் கூரைக்குக் கீழ் ரவுட்டர்

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 பாகை வரைக்கும்தான். இறக்கி வையுங்கள்.

ஒரே வயரின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் குத்துவது

முழு வீட்டு நெட்டும் நிற்கும்.

வயருக்குப் பெயர் எழுதாமல் விடுவது

இரண்டு முனையிலும் எழுதுங்கள், அழியாத பேனையால்.