மகளிர் சங்கத் தொண்டு: நல்ல மனசோடு செய்யும் தவறுகள்

2004-ல் சுனாமி, 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயல். கடலூர், புதுச்சேரி கரைக்கு அடி மேல் அடி. ஒவ்வொரு முறையும் சோறு வடித்துப் பொட்டலம் கட்டி முதலில் கிளம்பியவர்களில் மகளிர் சங்கத்துப் பெண்களும் உண்டு. இன்னர் வீல் போன்ற உலக அமைப்பின் கிளையோ, ஒரே தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்த மன்றமோ, உழைப்பு ஒன்றுதான். அந்த உழைப்பு வீணாகக் கூடாது. நான் பார்த்த வரையில் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து முளைக்கின்றன: வாங்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என்ன கொடுப்பது என்று கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுகிறோம்.

பழைய துணியிலிருந்தே தொடங்கலாம். சுனாமிக்குப் பிறகு கடலோரக் கிராமங்களில் யாரும் தொடாத துணி மலைமலையாகக் கிடந்தது. வெயில் கொளுத்தும் கரைக்குக் கம்பளி உடுப்புகூட வந்தது. வீட்டையே இழந்த பெண்ணுக்கு வேண்டியது புது உள்ளாடை, நைட்டி, நாப்கின், பாய், கொசுவலை, ஒரு கரண்டி, ஒரு குண்டான். முதலில் இரண்டு பேர் போய், அந்தக் குப்பத்துப் பெண்களோடு உட்கார்ந்து பட்டியல் எழுதி வந்தால் போதும், பாதிச் செலவு மிஞ்சும். அப்படிப் போகும்போது மெயின் ரோட்டோடு நின்றுவிடாதீர்கள். ரோட்டோர ஊருக்கு மூன்று வண்டி வந்திருக்கும், உள்ளே இருக்கும் ஊருக்கு ஒன்றுகூட வந்திருக்காது. சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கம் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றன. மீனவப் பஞ்சாயத்து கொடுக்கும் பட்டியலை மட்டும் நம்பினால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

நிவாரணப் பையில் பால்பவுடர் டின்னும் பால்புட்டியும் வைப்பது இதைவிடப் பெரிய தவறு. பச்சைக் குழந்தை பசியோடு இருக்குமே என்ற பதைப்பில்தான் வைக்கிறோம். ஆனால் இதற்கென்றே 1992-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அனாதை இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் இவற்றைத் தானமாகக் கொடுக்கக் கூடாது என்கிறது அது. சட்டத்தை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். வெள்ளம் சூழ்ந்த ஊரில் நல்ல தண்ணீர் இருக்காது, புட்டியைக் கொதிக்க வைக்க அடுப்பும் இருக்காது. கிடைத்த தண்ணீரில் கரைத்த பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். சில நாள் புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பில் வாய் வைக்க அடம்பிடிக்கும், தாய்க்குப் பால் குறையும். டின் தீர்ந்த பிறகு அவள் யாரிடம் போய் நிற்பாள்? பாலூட்டும் தாய்க்கு வயிறார சாப்பாடு, சுத்தமான குடிநீர், முகாமில் சேலை கட்டி மறைத்த ஒரு மூலை, இவைதான் வேண்டும். தாயில்லாத குழந்தை இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துச் செய்வார்.

அப்புறம் போட்டோ. உதவி வாங்கும் கை, கொடுக்கும் கை, பின்னால் பிளெக்ஸ். பெரியவர்களிடமாவது அனுமதி கேட்க வேண்டும். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகள் விஷயத்தில் கேட்கவே இடமில்லை: இல்லங்களில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. பிறந்தநாள் கேக்கோடு எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் இதற்குள் வரும்.

ரத்ததான முகாம் வைக்கும் சங்கங்களுக்கு ஒன்று. ஹீமோகுளோபின் 12.5 கிராம் இல்லாவிட்டால் ரத்தம் எடுக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே முகாமுக்கு வரும் பெண்கள் பலரைத் திருப்பி அனுப்பும்படிதான் ஆகும். எத்தனை யூனிட் சேர்ந்தது என்று அறிக்கை எழுதுகிறோம். திரும்பிப் போன அந்தப் பெண்களின் பெயரை யார் எழுதி வைக்கிறார்கள்? பெண்கள் சங்கம் கையில் எடுக்க வேண்டிய வேலையே அதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்களை அழைத்துப் போய், இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வைக்கலாம். மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமும் இப்படித்தான். சந்தேகம் என்று சீட்டு எழுதிக் கொடுத்த பெண்ணோடு ஜிப்மர் வரைக்கும் துணைக்குப் போக ஆள் இல்லையென்றால், அவள் பயத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். துணைக்கு ஆள் முடிவான பிறகு முகாமுக்குத் தேதி வையுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, செயலாளரின் சொந்த கூகுள் பே எண்ணில் நன்கொடை வாங்க வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்னும் இங்கே வாழ்கின்றன. பக்கத்துத் தெருவில் இருக்கும் அந்தப் பாட்டி தன் பென்ஷனிலிருந்து சங்கத்துக்குப் பத்தாயிரம் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் கொடுப்பதை 2010-ஆம் ஆண்டு எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. துபாயில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. பணம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைவிட, கொடுப்பவரின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதை முதலில் கேளுங்கள்.

பிரச்சாரத்துக்கு வருவோம். ஊர்வலம் முடிந்து, கோஷம் ஓய்ந்த பிறகு, "என்னதான் கேட்டீர்கள்?" என்றால் பதில் இருப்பதில்லை. "பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்" என்ற மனுவுக்கு எந்த அதிகாரியும் நடவடிக்கை எடுக்க முடியாது. இன்ன பஸ் நிறுத்தத்தில் இரண்டு விளக்கு வேண்டும் என்றால் எடுக்கலாம். கடலூர் முதுநகரில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் அஞ்சலை அம்மாள், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய பிரிட்டிஷ் தளபதி நீலின் சிலையை எதிர்த்த 1927 போராட்டத்தில் சிறைக்குப் போனார். கோரிக்கை ஒன்றே ஒன்று: சென்னை மவுண்ட் ரோட்டில் நிற்கும் அந்தச் சிலையை எடுக்க வேண்டும். பத்து வருடம் ஆனது, எடுத்தார்கள்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தடுமாறுகிறோம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, பாகூர் புதுச்சேரி. மதுக்கடையை மாற்றச் சொல்கிறீர்கள் என்றால், இந்தப் பக்கம் அது அரசின் டாஸ்மாக், கிராம சபையில் தீர்மானம் போட்டு கலெக்டருக்கு மனு கொடுக்கலாம். அந்தப் பக்கம் தனியார் உரிமம் வாங்கி நடத்தும் கடை, கலால் துறைக்குப் போக வேண்டும். 2006-க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை, ஆகவே அங்கே கிராமப்புற உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்தின் ஆணையரைத்தான் பார்க்க வேண்டும். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

குழந்தைத் திருமணத்துக்கு எதிராகப் பள்ளியில் கோலப்போட்டி வைப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். சில சங்கங்கள் நேராக மண்டபத்துக்கே போய் நிற்கின்றன. அங்கே தகராறாகிவிடும், பழி அந்தப் பெண் தலையில் விழும். காதில் விழுந்த அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், மாவட்ட சமூகநல அலுவலருக்கும் சொல்லுங்கள். நீதிமன்றம் மூலம் முன்கூட்டியே தடை உத்தரவு வாங்க 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் வழி இருக்கிறது. கல்யாணம் நின்ற பிறகுதான் சங்கத்துக்கு நிஜமான வேலை. சொந்தக்காரர் ஊருக்கு அழைத்துப் போய் அங்கே தாலி கட்டிவைப்பது நடக்கிறது. அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கு வருகிறாளா என்று மாதாமாதம் டீச்சரிடம் கேட்கவும், பஸ் செலவோ டியூஷனோ தடையாக இருந்தால் அதைக் கட்டவும், அவளுக்குப் பதினெட்டு முடியும்வரை பொறுப்பாக ஒரு உறுப்பினரின் பெயரை எழுதி வையுங்கள்.