வட கியோங்சாங் மாகாண முகவரியைப் பிழையில்லாமல் படிக்க

தென் கொரிய முகவரி பெரிய இடத்தில் தொடங்கிச் சின்ன இடத்தில் முடியும். வட கியோங்சாங் (கொரிய மொழியில் கியோங்சாங்புக்-தோ) மாகாண அரசு அலுவலகத்தின் முகவரியையே பாருங்கள்: கியோங்சாங்புக்-தோ, ஆன்தோங்-சி, புங்சோன்-மியோன், தோசோங்-தேரோ 455. தோ என்றால் மாகாணம், சி நகரம், குன் ஊரக மாவட்டம். அவற்றுக்குள் உப் சிறு பட்டணம், மியோன் கிராமப்புறம். தோங் நகர வட்டாரம். அது குன்னில் வராது.

முதலில் மாகாணப் பெயரைச் சரிபாருங்கள். பெரும்பாலான குழப்பம் தேகுவால்தான். 1601 முதல் கியோங்சாங் ஆளுநர் இருந்த ஊர் அது. 1896இல் மாகாணம் வடக்கு, தெற்கு எனப் பிரிந்தபோது வடக்குக்குத் தலைமையிடம் ஆனது. 1981இல் தேகு தனி நிர்வாகமாகப் பிரிந்துபோயிற்று. ஆனால் மாகாண அலுவலகம் 2016இல்தான் ஆன்தோங்குக்கு இடம் மாறியது. ஆகவே அலுவலக முகவரி தேகு என்றிருந்தால் அது பழைய தாள். குன்வி மாவட்டமும் 2023 ஜூலை 1 முதல் தேகுவோடு சேர்ந்துவிட்டது. மாகாணத்தில் இப்போது மிஞ்சியிருப்பவை 10 நகரங்கள், 12 மாவட்டங்கள்.

அடுத்து கு, அதாவது பெருநகரத்தின் உட்பிரிவு. இந்த மாகாணத்து நகரமான போஹாங்கிலும் புக்-கு உண்டு, தேகுவிலும் புக்-கு உண்டு. தேகுவில் கு தன் தலைவரையும் மன்றத்தையும் தேர்ந்தெடுக்கும். போஹாங்கில் அது நகர நிர்வாகத்தின் கிளை அலுவலகம் மட்டுமே. நகரப் பெயரை விட்டுவிட்டு கு மட்டும் எழுதினால் கடிதம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

கட்டட எண் வெறும் வரிசை எண் அல்ல. சாலை தொடங்கும் இடத்திலிருந்து 20 மீட்டருக்கு ஓர் இடைவெளி என அளந்து, இடப்பக்கம் ஒற்றைப்படை எண்ணும் வலப்பக்கம் இரட்டைப்படை எண்ணும் கொடுக்கிறார்கள். எண்ணைப் பத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும்: 455 என்றால் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர், இடப்பக்கம். தேரோ என்பது எட்டுத் தடமோ 40 மீட்டர் அகலமோ உள்ள பெருஞ்சாலை, ரோ அதைவிடக் குறுகியது, கில் தெரு.

2014 ஜனவரி முதல் சாலைப்பெயர் முகவரிதான் சட்டப்படி செல்லும். ஆனால் கட்டடமில்லாத வயலும் காடும் இன்றும் நில எண்ணில்தான் இருக்கின்றன. நிலம் வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். உப், மியோன் பகுதிகளின் நில எண் முகவரியில் ரி என்ற கிராமப் பெயர் கட்டாயம் வேண்டும். சாலைப்பெயர் முகவரியில் அது வராது. எண்ணுக்கு முன்னால் சான் என்றிருந்தால் அது மலைக்காட்டு நிலம். சான் 12 வேறு, 12 வேறு. அந்த ஒரு சொல்லை விட்டால் இன்னொருவரின் மனைப் பதிவு கைக்கு வரும்.

அஞ்சல் குறியீடு ஆறு இலக்கமாக இருந்தால் 2015 ஆகஸ்டுக்கு முந்தையது, ஐந்திலக்கத்துக்கு மாற்றுங்கள். உல்லுங்-குன் முகவரிக்குப் பொருள் அனுப்புவதானால் கூடுதல் நாட்களை ஒதுக்குங்கள். அது தீவு, குளிர்காலத்தில் அலை உயர்ந்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள்.