தீண்டாமைச் சுவரை அகற்றக் கோருவது எப்படி?

ஊருக்கும் காலனிக்கும் நடுவே எழுப்பிய சுவர், தெருமுனையில் சாதிப் பெயரோடு நிற்கும் வளைவு, சுடுகாட்டுப் பாதையை மறிக்கும் முள்வேலி ஆகியவற்றை அகற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சுவரொட்டி அடிக்கிறார்கள். அதற்கும் முன்னால் கையில் இருக்க வேண்டியது புலப்படம், அதாவது அந்த நிலத்தின் அளவு வரைபடம். அந்த இடத்தின் புல எண்ணையும் உட்பிரிவையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிந்து, நிலத்தின் வகையைக் குறிக்கும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டில் அது தெரு, வண்டிப்பாதை, ஓடை, புறம்போக்கு, பட்டா ஆகியவற்றுள் எதுவென்று பாருங்கள். தர மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

புறம்போக்கு என்றால் வேலை பாதி முடிந்தது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு உண்டு. சாதியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல் சுவர் விழக்கூடிய வழி அது. நில அளவையர் வரும் நாளில் இரு தரப்புப் பெரியவர்களும் உடன் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்தில் எல்லைக் கல்லையே அடித்தளத்துக்குள் வைத்துப் பூசியிருந்தார்கள். கல்லின் தலை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அங்கிருந்து அளவுச் சங்கிலியை இழுத்த பிறகு யாரும் வாதாடவில்லை.

பட்டா நிலம் என்றால் வழி வேறு. 2019 ஆகஸ்டில், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் பாதை வேலியிட்டு மறிக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளி பரவிய பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. இத்தகைய இடங்களில் துணையாக நிற்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்: வழக்கமாகப் பயன்படுத்திய பாதையை மறிப்பதும், சுடுகாட்டையோ நீர்நிலையையோ மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதன் 3ஆம் பிரிவில் குற்றம். வேலி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதைவிட, அந்த வழியில் எத்தனை காலமாக யார் நடந்தார்கள் என்பதே இங்கு கேள்வி.

மனுவில் வசைச்சொல் வேண்டாம். ‘சாதி வெறியர்கள்’ என்று தொடங்கும் மனுவை அலுவலர் பாதியில் மூடிவிடுவார்; பள்ளிப் பிள்ளைகள் எத்தனை மீட்டர் சுற்றி நடக்கிறார்கள், ஆம்புலன்ஸ் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, சுவர் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று எழுதுங்கள். வேலூர் மாவட்டத்தினர் என்றால் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்வு கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி; அதன் முன் வைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். மிரட்டல் வந்தால் 14566 என்ற இலவச எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.

சாதிப் பெயர் தாங்கிய தெருப் பலகைக்கு வழி சற்று எளிது. சாலை, தெரு, நீர்நிலைகளின் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது பற்றி 2025 அக்டோபரில் தமிழக அரசு வெளியிட்ட ஆணையைச் சுட்டிக் கிராம சபையில் தீர்மானம் கோரலாம். மாற்றுப் பெயரை மட்டும் பூ, மரம் என்று பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் பெயர் வைத்தால் எந்தத் தலைவர் என்ற சண்டை தொடங்கிவிடும். வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் 1990களில் வெறும் வேலூர் மாவட்டமான கதையை வேலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இடிக்கும் நாளில் கடப்பாரையை நீங்கள் தொடவே கூடாது. தொட்டால் அடுத்த வழக்கு உங்கள்மேல்தான். வட்டாட்சியரும் காவல் துறையும் முன்னிருந்து செய்யட்டும், நீங்கள் படம் எடுங்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008 மே மாதம் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி மட்டும் இடிக்கப்பட்டது. அதன் பிறகும் பகை ஓயாமல், 2011இல்தான் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. ஆகவே, இடிபாட்டை அன்றே அள்ளி, மறுநாளே சாலை போட்டு, சுவர் நின்ற இடத்தில் ஒரு தெருவிளக்கு நடும்படி மனுவின் கடைசி வரியில் சேர்த்து எழுதுங்கள்.