பிள்ளையை உதைபந்தாட்டத்தில் சேர்க்கும்போது

என் மகன் ஆறு வயதிலிருந்து பாரிஸ் புறநகரில் விளையாடுகிறான். புதிதாகச் சேர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வீட்டுக்குப் பக்கத்துக் கழகமே போதும், பெரிய பெயரைத் தேடி அலையாதீர்கள். பிரான்ஸ் அணியின் நட்சத்திர வீரர் எம்பாப்பே தொடங்கியதும் சொந்த ஊரான போந்தியின் கழகத்தில்தான்.

பிரெஞ்சு உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கிளேர்ஃபொந்தேன் பயிற்சிக்கூடம் 13 வயதுக்கு மேல்தான். அங்கே இரண்டு வருடம், வாரநாட்களில் தங்கிப் படித்துப் பயிற்சி எடுப்பார்கள். சனி ஞாயிறுகளில் தங்கள் கழகத்துக்கே திரும்பி ஆடுவார்கள். அதனால் கழகத்து உறவை முறித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், முகவர் என்று வருபவர் நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். படிப்பையும் விடாதீர்கள். எம்பாப்பே 16 வயதில் மொனாக்கோ கழகத்தின் முதல் அணியில் இறங்கினார். அதற்குப் பிறகு, 2016இல், பள்ளி இறுதித் தேர்வையும் எழுதித் தேறினார்.